பக்கத்தில் வருகிறவளுக்கு ஒரு சிட்டிகை இருட்டு

இந்தக் கதை என்னிடம் நேராக வந்ததல்ல. ஆழ்கடல் ஆராய்ச்சிக்குப் போகும் கப்பல் ஒன்றில் சமையல் பார்த்த செபஸ்தியான் என்பவர் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மகள் கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செபஸ்தியானுக்கு யார் சொன்னார்கள் என்பது அவளுக்கும் தெரியவில்லை. பெயர்கள் எல்லாம் அவள் சொன்னவை. ஓரிரு இடங்களில் அவளுக்கு மறந்துபோன பேச்சை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். அதை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கடலில் வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வெயில் எட்டாத ஆழத்தில் ஒரு துடுப்புக்காலிக் கூட்டம் குடியிருந்தது. துடுப்புக்காலி என்றால் இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம்தான் நீளம். முன்னுடம்பு முட்டை போல உருண்டிருக்கும். பின்னுடம்பு ஒடுங்கி வாலாகி, வால் நுனியில் இறகு விரித்தது போல மயிர்கள் நிற்கும். தலையின் இரண்டு பக்கமும் நீண்ட உணர்கொம்புகள். நெஞ்சுக்குக் கீழே படகின் துடுப்புகளைப் போலச் சேர்ந்து தள்ளும் கால்கள். நெற்றியின் நடுவே ஒரே ஒரு கண். அது பெரிய கெட்டிக்காரக் கண்ணும் இல்லை. கறுப்பும் வெளுப்பும் அருகருகே இருந்தால் பிரித்துச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆனால் உடம்பு இருக்கிறதே, அது கண்ணாடி. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியும். குடித்த பாசி குடலில் இறங்குவதுகூட வெளியே தெரியும். அதனால் அந்தக் கூட்டத்தில் யாரும் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க மாட்டார்கள். பெண்ணுக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளையை நிறுத்தி, மறுபக்கமிருந்து பெண்ணின் வழியாக அவனைப் பார்ப்பார்கள். அவன் மங்காமல் தெரிந்தால் சம்பந்தம் முடிந்தது. உடம்பில் அங்கங்கே சின்னச் சின்ன விளக்குப் பைகளும் உண்டு. இறுக்கினால் நீல ஒளி கசியும். வலதும் இடதும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில் அவர்களுக்குத் தனிப் பெருமை.

அவர்கள் இருந்த ஆழத்தில் மூச்சுக்கே பஞ்சம். தண்ணீரில் காற்று அவ்வளவு குறைவு. பெரிய மீன்கள் எப்போதாவது இறங்கி வந்தால், செவுளை அடைக்கிறது என்று அப்படியே திரும்பிவிடும். துடுப்புக்காலிகளோ அளவாக மூச்சுவிட்டு, அளவாக அசைந்து, அங்கேயே குடும்பம் நடத்தின. காவலுக்கு அதைவிட நல்ல மதில் கிடையாது. குறை ஒன்றுதான். சாப்பாடு இல்லை. மேலிருந்து உதிர்ந்து வரும் தூசுதுரும்பை நம்பினால் குஞ்சுகள் பிழைக்காது.

ஆகவே தினமும் பொழுது சாய்ந்ததும் கூட்டம் முழுக்க மேலே ஏறும். அந்தச் சின்ன உடம்புக்கு அது மலை ஏறுவது போலத்தான். இரவெல்லாம் மேல்தண்ணீரில் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் கீழே வந்துவிட வேண்டும். ஏனென்றால் மேல்தண்ணீர் கோலா மீன்களுடைய இடம். கோலா கண்ணால் பார்த்துத் தின்னும் மீன். இரவில் அரைத் தூக்கத்தில் மிதக்கும். வெளிச்சம் வந்துவிட்டால் கண்ணாடி உடம்பும் அதற்குத் தப்பாது.

விடிவதை எப்படித் தெரிந்துகொள்வது? விடியல் ஒரே அடியாக வருவதில்லை. சுற்றியுள்ள தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். அந்த ஒற்றைக் கண்ணுக்கு எதனோடு எதை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தெரியாது. அதற்கு அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இரவு முடியப் போகிறது என்று தோன்றும்போது ஒருவர் எல்லாருக்கும் மேலே போய் நின்று விளக்கைப் போடுவார். விளக்கு அப்படியே எரிந்தால் இன்னும் இரவு இருக்கிறது, மேயலாம். விளக்கு அணைந்துபோனால் விடிந்துவிட்டது, கூட்டம் கீழே பாயும். விளக்குப் போடுவது பெரிய கௌரவம். அந்தக் கௌரவத்தில்தான் தெள்ளி என்ற பெண்ணின் அம்மா போனாள். அப்புறம் அண்ணன் போனான். இப்போது அந்த வீட்டில் மிச்சம் தெள்ளியும் தங்கை மினுக்கியும்தான்.

அன்றைக்கு விளக்கு பாசியன் என்ற வாலிபனுடைய முறை. தெள்ளி ஒரு பாசித் திட்டைத் தொடர்ந்து மேய்ந்து மேய்ந்து, தன்னை அறியாமல் அவனுக்கு அருகில் வந்திருந்தாள். எங்கோ ஒரு படகு அடுப்பிலிருந்து விழுந்த கரித்துணுக்கு ஒன்று அவளுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. இரவு முழுக்க அது கண்ணுக்குப் படவில்லை. உணர்கொம்பில் இடித்துத்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். அதுதான் இப்போது திடீரென்று கண்ணுக்குப் பட்டது. அட, கறுப்பாக ஏதோ இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. அந்த நேரம் பாசியன் விளக்கைப் போட்டான். தலைக்கு மேலே பேச்சுக் கேட்டது.

“எந்திரிப்பா, எந்திரி. பந்தி போட்டாச்சு.”

“இன்னும் சரியா விடியவே இல்லையே?”

“நமக்கு எதுக்கு விடியணும்? அவங்களே விளக்கேத்தி இலையைக் காட்டுறாங்க. இப்படி ஒரு வீட்டுக்காரங்களை நான் எங்கயும் பார்த்ததில்ல.”

“நல்ல சனங்க.”

“ரொம்ப நல்ல சனங்க.”

இரண்டு கோலாக்களும் சிரித்தன. அடுத்த கணம் பாசியனின் விளக்கு இல்லை. கீழே, “விடிஞ்சாச்சு! இறங்குங்க!” என்று குரல் எழும்பியது. தெள்ளி கால்களை மடக்கிக்கொண்டு கல்லைப் போல விழுந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் மூச்சை அடக்கி அமர்ந்ததும் கொம்பையா மாமா வந்தார். கூட்டத்தில் யாருக்கு என்ன முறை என்று பார்ப்பவர் அவர். நல்ல மனம், நீண்ட கொம்புகள்.

“என்ன பிள்ளைகளா, சாப்பிட்டீங்களா?”

“அதான் வெளியவே தெரியுதே மாமா” என்றாள் மினுக்கி.

“கேக்குறது ஒரு மரியாதைக்குத்தான தாயி.” அவர் கொஞ்சம் தயங்கினார். “பாசியன் போயிட்டான். இன்னிக்கு ராத்திரிக்கு விளக்கு மறுபடி உங்க வீட்டுக்கு வருது. மினுக்கி, உன்னுது.”

மினுக்கிக்கு உடம்பெல்லாம் நீலமாகப் பூத்துவிட்டது. கூட்டத்திலேயே பிரகாசமான விளக்கு அவளுடையது. சின்ன வயதிலிருந்தே காரணம் இல்லாமல் போட்டுப் போட்டு அணைத்துத் திட்டு வாங்குகிறவள். “நிஜமாவா மாமா? எல்லாருக்கும் முன்னாடி நிக்கணுமா?”

“முன்னாடி இல்ல தாயி. மேல. எல்லாருக்கும் மேல.”

“அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னீங்க” என்றாள் தெள்ளி.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெள்ளி அதிகம் பேசுகிறவள் இல்லை.  ஆனாலும் அன்றைக்கு நிறுத்தவில்லை.

“நாம விடியுதான்னு பார்க்கலை மாமா. மீனு முழிச்சிருச்சான்னு பார்க்குறோம். அதுக்கு தினம் ஒரு ஆளைத் தின்னக் குடுத்துப் பார்க்குறோம். நான் இன்னிக்கு என் காதால கேட்டேன். அதுங்க நம்ம விளக்கைப் பார்த்துத்தான் எந்திரிக்குதுங்க.”

வாலாம்பாள் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. தன் மகனுக்குத் தெள்ளியைப் பேசி முடித்திருந்தவள் அவள். “அப்ப போனவங்க எல்லாம் சும்மா போனாங்களா? உங்கம்மா இப்படியா நினைச்சா? செத்தவங்களுக்கு நீ குடுக்கிற மரியாதை இதுதானா?”

“சும்மா போனாங்கன்னு நான் சொல்லலை அத்தை. அவங்க போனதாலதான் நாம இருக்கோம். அதனாலதான் கேக்குறேன், மினுக்கியும் போகணுமா?”

கொம்பையா மாமா நெடுநேரம் கொம்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். “விளக்கு இல்லாட்டா கூட்டமே போகும் தெள்ளி. ஒருத்தரா, எல்லாருமான்னு வந்தா நான் என்ன செய்வேன், சொல்லு. உனக்கு வேற வழி தெரியும்னா பொழுது சாயறதுக்குள்ள கொண்டு வா. உன் தங்கச்சியை விட்டுடறேன். இல்லைன்னா விளக்கு அவளுக்குத்தான்.”

எல்லாரும் உறங்கப் போனார்கள். மினுக்கியும் விளக்கைப் போட்டுப் பார்த்தபடியே உறங்கிப்போனாள். தெள்ளி மட்டும் உறங்கவில்லை. பாசியன் போன அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். அப்போதுதான் அந்தக் கரித்துணுக்கு நினைவில் தட்டியது. இரவெல்லாம் தெரியாத கறுப்பு, அந்த நேரத்தில் மட்டும் ஏன் தெரிந்தது? கறுப்பு மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த தண்ணீர்தான் வெளுத்திருக்கிறது. அப்படியானால் கோலா முழிப்பதற்கு முன்னாலேயே விடியல் தன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது!

கையில் ஒரு கறுப்பு இருந்தால் போதும். ஆனால் கரி ஊறினால் மூழ்கிவிடும். மூழ்காத கறுப்புக்கு எங்கே போவது?

முதலில் கணவாயிடம் போனாள். அது கால்களைச் சுருட்டிக்கொண்டு ஓய்வாக மிதந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் மை தருவீங்களா?”

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க” என்று கணவாய் ஒரு பீச்சுப் பீச்சியது. தெள்ளி அதில் முங்கி எழுந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மை கரைந்து, தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது.

“என் மை ஓடித் தப்பிக்கிறதுக்கும்மா, ஒட்டிக்கிறதுக்கு இல்ல” என்றது கணவாய். “நிலைச்ச கறுப்பு வேணும்னா இருட்டுகிட்டதான் கேக்கணும். ஆனா அவன் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசுறவன் இல்ல.”

இருட்டின் வீடு இன்னும் கீழே. துடுப்புக்காலிகளே போகாத இடம். அவர்கள் எங்கே போனாலும் விளக்குடன் போகிறவர்கள். தெள்ளி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. தண்ணீரின் கனம் நான்கு பக்கமும் நெருக்கியது. பயத்தில் விளக்குப் பைகள் தாமாகவே இறுகப் பார்த்தன. அவள் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒரு துளி ஒளியும் கசியாமல் பார்த்துக்கொண்டாள்.

“அண்ணே” என்று கூப்பிட்டாள். “இருட்டண்ணே.”

எல்லாப் பக்கமிருந்தும் பதில் வந்தது. “யாரு?”

“தெள்ளி. மேல்வீட்டுக்காரி.”

“உங்க வீட்டு ஆளுங்க இங்க வர்றதில்லையே. வந்தாலும் விளக்கோட வருவீங்க, நான் ஒதுங்கி நிக்கணும்.”

“இன்னிக்கு அணைச்சுட்டுத்தான் வந்தேன்.”

 இருட்டின் வீட்டுக்கு விளக்கை அணைத்துவிட்டு வந்த முதல் விருந்தாளி அவள். அது சற்றுத் தணிந்த குரலில், “என்ன வேணும்?” என்றது.

“உங்கள்ல ஒரு சிட்டிகை.”

“என்னைத் துரத்த வழி கேட்டு வந்தவங்கதான் உண்டு. எடுத்துட்டுப் போறேன்னு கேட்டவ நீ ஒருத்தி. எதுக்கு?”

தெள்ளி சொன்னாள். அம்மாவைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள், பாசியனைச் சொன்னாள். மினுக்கி உடம்பெல்லாம் நீலமாகப் பூத்ததையும் சொன்னாள்.

“வெளிச்சம் வருதான்னு பார்க்க நான்தான் கிடைச்சேனா?” என்றது இருட்டு. அதில் கோபம் இல்லை, வேடிக்கைதான் இருந்தது.

“வெளிச்சம் வர்றது முதல்ல உங்களுக்குத்தானே தெரியும் அண்ணே. அது வந்ததும் தள்ளுறது உங்களைத்தானே.”

“அது சரிதான்.” இருட்டு பெருமூச்சு விட்டது. தண்ணீர் மெல்ல அசைந்தது. “தரேன். ஆனா மறைக்காம சொல்லிடறேன், கேட்டுக்க. வெளிய வச்சுக்கிட்டா நான் மேல போறதுக்குள்ள வெளுத்துப் போவேன். உடம்புக்குள்ள வச்சாத்தான் நிப்பேன். வச்சா எடுக்க முடியாது. அந்த இடத்துல உன் வழியா இனிமே எதுவும் தெரியாது. உங்க ஆளுங்க அதைப் பெரிய குறைன்னு பேசுவாங்க.”

தெள்ளி நினைத்துப் பார்த்தாள். வாலாம்பாள் அத்தை அவளைப் பெண் பார்த்தபோது, அவள் வழியாகத் தன் மகனின் வால் மயிரை ஒவ்வொன்றாகக் காண முடிகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

“வைங்க அண்ணே.”

“ரெண்டு பக்கமும் வைக்கவா? ஒண்ணுபோல இருந்தா உங்க ஆளுங்க வாய் கொஞ்சம் அடங்கும்.”

“வேண்டாம். ரெண்டு பக்கமும் நீங்க இருந்தா எனக்கு இங்கயே தங்கத் தோணிடும்.”

“தங்கினா என்ன?”

“தங்கச்சி மேல இருக்காளே.”

“அப்ப எந்தப் பக்கம்?”

தெள்ளி தலையைத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் இருக்கும் ஒற்றைக் கண்ணுக்குத் தன் உடம்பின் பக்கவாடு எட்டவில்லை. இடதும் எட்டவில்லை, வலதும் எட்டவில்லை. எங்கே வைத்தாலும் அந்தக் கறுப்பைத் தன்னால் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு கணம் மனம் விட்டுப்போயிற்று. அடுத்த கணம் சொன்னாள்:

“இடது. மினுக்கி எப்பவும் எனக்கு இடதுபக்கம்தான் வருவா.”

“அப்ப இது உனக்கு உதவாதே?”

“எனக்கு உதவாது.”

 தெள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது விலாவைக் காட்டினாள். நெஞ்சோரத்தில் சில்லென்று ஏதோ பட்டது. உள்ளே போய்ச் சின்னக் குமிழாக உருண்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வலியில்லை. ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கனத்தது.

அவள் வீடு திரும்பியபோது பொழுது சாயும் நேரம். கூட்டம் புறப்பட ஆயத்தமாக நின்றது. ஒருத்தி போட்ட விளக்கொளியில் எல்லாரும் தெள்ளியைப் பார்த்தார்கள்.

“என்னம்மா இது, அழுக்கா?” என்றார் கொம்பையா மாமா. “தேய்ச்சுப் பாரு.”

“தேய்ச்சாப் போகாது மாமா. இருட்டு. கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

வாலாம்பாள் அத்தை தன் மகனைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “கண்ணாடி மாதிரி பொண்ணு! நல்லா இருந்த உடம்புல நீயே கறை வச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே! என் பிள்ளை நீந்துற திசைப் பக்கமே வந்துடாத.”

சிலர் சிரித்தார்கள்.  ஆனாலும் தெள்ளி கரித்துணுக்கில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். “இரவுல இந்தக் கறுப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணி வெளுக்க ஆரம்பிச்சதும் இதுதான் முதல்ல தெரியும். தெரிஞ்ச உடனே இறங்கிடணும். விளக்கு வேண்டாம்.”

“உன் விலாவை நீயே எப்படிப் பார்ப்ப?” என்றார் கொம்பையா மாமா.

“என்னால முடியாது. மினுக்கிதான் பார்க்கணும்.”

இப்போது சிரிப்பு பலமாகவே எழுந்தது. மினுக்கி சாப்பிட ஆரம்பித்தால் உலகத்தையே மறக்கிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும். மினுக்கி சிரிக்கவில்லை. அக்காவின் இடதுபக்கம் வந்து அந்தக் கறுப்பைக் கொம்பு நுனியால் மெல்லத் தொட்டாள்.

“எனக்காகவா?” என்றாள்.

“பேசாம கிளம்பு.”

கொம்பையா மாமா ஒரு முடிவுக்கு வந்தார். “நான் வாக்குக் குடுத்தேன். இந்த ஒரு ராத்திரி பார்ப்போம். ஆனா ஒண்ணு மினுக்கி. விளக்கும் போடாம, நீயும் கவனிக்காம விட்டா, ஒருத்தர் இல்ல, ஏறுன அத்தனை பேரும் போயிடுவோம். இன்னிக்கு உன் வாய்தான் எங்களுக்கு விடியல்.”

கூட்டம் ஏறியது. மேல்தண்ணீரில் பாசி அன்றைக்குத் தாராளமாகவே இருந்தது. ஆனால் தெள்ளி மேயவில்லை. அவளுக்கு எல்லாத் திசையும் ஒரே கறுப்பு. தன் உடம்பில் இருப்பது தனக்குத் தெரியாது. தெரிகிறவளோ இடதுபக்கம் சப்புக்கொட்டி மேய்ந்துகொண்டிருக்கிறாள்.

“மினுக்கி, தெரியுதா?”

“இல்லக்கா.”

கொஞ்ச நேரம் கழித்து, “தெரியுதா?”

“இல்லக்கா.”

“நல்லாப் பார்த்துச் சொல்லு.”

“நீ கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பக்கா சாப்பிடுறது?”

இரவு நகர்ந்தது. வழக்கமாக விளக்குப் போடும் நேரம் நெருங்கியது. அதையும் தாண்டியது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “விளக்கைப் போடச் சொல்லுங்க மாமா” என்று யாரோ சொன்னார்கள். “எங்க குஞ்சுக எல்லாம் மேல கிடக்கு.” வாலாம்பாள் அத்தையின் குரல் தனியாகக் கேட்டது: “அந்தக் கறைக்காரி பேச்சைக் கேட்டு எல்லாருமா சாகப் போறோம்.”

கொம்பையா மாமா தெள்ளிக்குக் கீழே வந்து நின்றார். “போட்டுடு தாயி” என்றார் மினுக்கியிடம். “என்னால தாங்க முடியலை. நேரம் தாண்டிப்போச்சு.”

மினுக்கியின் விளக்குப் பைகள் தினவெடுத்தன. ஒரு இறுக்கு இறுக்கினால் போதும், கூட்டத்தின் வாய் மூடிவிடும்.  தெள்ளி சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி தங்கையின் கண்ணைத்தான் நம்ப வேண்டும். காரணமில்லாமல் விளக்குப் போடுகிறவள், சாப்பாட்டில் உலகை மறக்கிறவள், சொன்ன சொல்லில் பாதியைக் காற்றில் விடுகிறவள். அவள் கண்ணைத்தான்.

சப்புக்கொட்டும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெள்ளிக்குத் தெரியவில்லை.

“மினுக்கி?”

“இரு.”

“என்ன?”

“அசையாத அக்கா.”

மினுக்கி அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

“உன் பக்கத்துல தண்ணி ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு” என்றாள். “சின்ன ஓட்டை. முன்னாடி இல்ல. இப்ப... இப்ப இருக்கு.” பிறகு, “அக்கா, தெரியுது. தெரியுதுக்கா!”

“இறங்கு!”

மினுக்கி கத்தவில்லை. கொம்பையா மாமாவின் கொம்பை இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டினார். கொம்பிலிருந்து கொம்புக்குச் சேதி ஓடியது. ஒரு விளக்குகூட எரியாமல், ஒரு குரல்கூட எழாமல், கூட்டம் முழுவதும் கீழே சரிந்தது. மேலே ஒரு கோலா கண்ணைப் பாதி திறந்தது.

“என்னப்பா, இன்னிக்கு இலை போடலையா?”

“விளக்கையே காணோமே. இன்னும் ராத்திரிதான் போல. படு.”

இரண்டும் மறுபடி உறங்கின. வெயில் முதுகில் சுட்டு அவை எழுந்தபோது, அடியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

வீட்டில் கொம்பையா மாமா ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். ஏறிய அத்தனை பேரும் இறங்கியிருந்தார்கள். அப்படி ஒரு காலையை அந்தக் கூட்டம் கண்டதில்லை. அடுத்த முறை யாருக்கு என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்ல ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றார். யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அது பாசியனின் அம்மா. தெள்ளி அவளருகே போய் நின்றாள். 

முதலில் வந்து கேட்டது வாலாம்பாள் அத்தைதான். அவளுக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

“எனக்கு அதை எந்தப் பக்கம் வைக்கணும்?”

“உங்க பக்கத்துல யாரு வருவாங்க அத்தை?”

“என் மகன்.”

“எந்தப் பக்கம் வருவாரு?”

“வலது.”

“அப்ப வலதுபக்கம் வைக்கச் சொல்லுங்க. போகும்போது விளக்கை அணைச்சுட்டுப் போங்க. இருட்டண்ணனுக்கு அதுதான் பிடிக்கும்.”

கொம்பையா மாமாவுக்கு அது ஒப்பவில்லை. ஆளுக்கொரு பக்கம் என்றால் கூட்டம் பார்க்க நன்றாக இராது, எல்லாரும் இடதுபக்கமே வைக்கலாம் என்றார்.

“அப்படின்னா வலது ஓரத்துல கடைசியா வர்றவங்களுக்கு யாரு மாமா காட்டுறது?” என்று கேட்டாள் தெள்ளி.

அவர் கொம்புகளைத் தடவி யோசித்தார். “அதுவும் சரிதான். அப்ப என் பக்கத்துல வர்றவன் யாரு, அவனைக் கூப்பிடுங்க.”

அன்று பகல் முழுக்க இருட்டின் வீட்டுக்குக் கூட்டம் கூட்டமாக விருந்தாளிகள். வந்தவர்கள் அத்தனை பேரும் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்கள். இருட்டு சலித்துக்கொள்வது போலப் பேசிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்ததாம். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவள் மினுக்கி. அவள் வலது விலாவைக் காட்டினாள். ஏனென்றால் அவளுக்கு வலதுபக்கம் வருகிறவள் தெள்ளி.

அன்றிரவு மினுக்கி வழக்கம்போல உலகை மறந்து மேய்ந்தாள். தெள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் திசையும் ஒன்றாக இருந்த கறுப்பில், தங்கையின் நெஞ்சோரத்தில் மட்டும் ஒரு பொட்டுக் கறுப்பு மெல்லப் பிரிந்து நின்றது. அதுவரை வாழ்நாளில் அவள் விடியலைப் பார்த்ததே இல்லை. அது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

விளக்குகளை அவர்கள் தூர எறிந்துவிடவில்லை. பிடிபடும் ஆபத்து வந்தால் மட்டும் ஒளியைப் பீச்சி, அதை அங்கேயே விட்டுவிட்டு, தாங்கள் வேறு பக்கம் ஓடிவிடுவார்கள். கண்ணாடி உடம்பில் கறுப்பைப் பார்த்து அதன்பிறகு யாரும் முகம் சுளித்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்: எந்தப் பக்கம் வைத்திருக்கிறாள், யாருக்காக வைத்திருக்கிறாள்?

அந்தக் காலையில் தொடங்கிய வழக்கம்தான், அந்தத் துடுப்புக்காலிகள் இன்றுவரை ஒரு பக்கத்தில் மட்டும் இருட்டைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குவது.

பிற்பாடு நான் சரிபார்த்தேன். அறிவியலில் இவற்றுக்கு ப்ளூரோமாமா என்று பெயர். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, இரவில் மேலே ஏறி வருகின்றன. அந்த இனங்களில் ஒன்று, காற்று மிகக் குறைந்த அரபிக்கடலின் ஆழத்திலும் வாழ்கிறது. நெஞ்சுக்கூட்டின் ஓரத்தில் உள்ள கரும்பொட்டு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, சிலவற்றுக்கு இடதுபக்கம், சிலவற்றுக்கு வலதுபக்கம். அது எதற்காக என்று, நான் படித்தவரையில், யாரும் முடிவாக எழுதியிருக்கவில்லை.